வாசலில் செருகிய வேப்பிலை

இது ஏலக்காய்க் கணக்கு எழுத வாங்கிய பேரேடு. 2020 மார்ச்சில் ஏலம் நின்றுபோனதும், "வீட்டுக்குக் கொண்டு போங்க, சும்மா இருக்குற நேரத்துல எதையாச்சும் எழுதுங்க" என்று முதலாளி கொடுத்துவிட்டார். அதற்கு முந்தின ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு, குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஏலம் நடந்தால்தான் அதற்கு விலை. ஏலம் இல்லையென்றால் வெறும் வாசனைதான்.

அந்த வாசனையும் ஏப்ரல் வாக்கில் குறைந்துவிட்டது. காய் பிரிக்கும் பெண்கள் வந்து சாக்கைக் கொட்டி, பருங்காய் ஒரு பக்கம், சிறுகாய் ஒரு பக்கம் என்று ஒதுக்க ஒதுக்கத்தான் அது தெருவுக்கு வரும். முப்பது வருஷம் அந்தக் காற்றிலேயே இருந்ததால், போடிக்கு ஒரு மணம் உண்டென்பதே எனக்கு மறந்திருந்தது. போனபிறகுதான் மூக்கு தேடியது.

*

மார்ச் 22, ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைதட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் ஒரு பையன் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினான். பிறகு மாடி மாடியாகச் சத்தம். எதிர்வீட்டு அப்பத்தாவுக்குக் காது மந்தம். எண்பதைத் தாண்டிய ஆள். திண்ணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது.

"சேகண்டி சத்தம் கேக்குதே. யாருய்யா போயிட்டாக?"

யாரும் போகவில்லை அப்பத்தா, நோய்க்காகத் தட்டுகிறார்கள் என்றேன். அது நம்பினதாகத் தெரியவில்லை. யார் வீட்டு எழவு என்று தெரியாமலே, வழக்கப்படி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனது. தெருவில் முதலில் முகத்தை மூடிக்கொண்டது அப்பத்தாதான்.

*

விடியக்காலம் நாலரைக்குத் தெருமுனையில் ஜீப் ஹாரன் அடிக்கும். பூப்பாறை, சாந்தம்பாறைத் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஓடுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணுவது வீண். ஏற ஏற இடம் வரும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவுகளில் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவார்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூரிலிருந்து குமுளி வழியாக இப்படியே. பள்ளத்தாக்கு முழுக்க விடிவதற்கு முன்பே பாதிப் பெண்கள் மலையில் இருப்பார்கள்.

அந்த ஹாரனை நான் வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள். மலைச்சாவடிகளை அடைத்துவிட்டார்கள். மறுநாள் ஹாரன் இல்லை. ஆனாலும் நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே காத்துக் கிடந்தேன். மூன்றாவது வீட்டில், மலைக்குப் போகிறவள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவளுக்கும் விழிப்பு வந்திருக்கிறது. சோறு கட்ட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, சத்தம் பாதியில் நின்றது.

பகலில் அவள் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிப் புகை இல்லாததால் மலை பக்கத்தில் வந்த மாதிரி தெரிந்த நாட்கள் அவை. மரம் மரமாக எண்ணலாம்.

"மலை அப்பிடியேதானண்ணே இருக்கு. போகத்தான் விட மாட்டேங்குறாக."

ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். டோக்கன் வாங்கி, கட்டத்துக்குள் நின்று வாங்கினாள். இரண்டு ஐந்நூறு நோட்டையும் வெயிலில் காயப்போட்டு, மேலே ஒரு கல்லை வைத்திருந்தாள். கிருமி போகவாம். காக்கா தூக்கிப்போகாமல் நான் கொஞ்ச நேரம் காவல் இருந்தேன்.

*

டீக்கடை மூடியிருக்கிறது. ஆனாலும் பெஞ்சுப் பெரியவர் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறார். அவர் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெஞ்சுப் பெரியவர் என்றால் தெரியும். மூடின கடைக்கு முன்னால், அதே பெஞ்சில், அதே ஓரத்தில். ஒரு டீ குடிக்க ஆகிற நேரம் இருந்துவிட்டு எழுந்து போகிறார். பேப்பரும் இல்லை, பேச்சும் இல்லை. போலீஸ் வண்டி வந்தால் மெதுவாக எழுந்து, அது போனதும் மறுபடி உட்காருகிறார்.

இதைத் தியானம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அவர் கேட்டால் சிரிப்பார்.

*

துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்ட வாரம். எங்கள் தெருவிலும் போட்டோம். பிளீச்சிங் பவுடர் தூவ வந்தவருக்குச் சம்பங்கி மாலை, ஒரு துண்டு, டீ. டீயைக் காகிதக் கப்பில் ஊற்றித் திண்ணையில் வைத்து, தள்ளி நின்று, "எடுத்துக்கங்க" என்றார் ஒருவர். தொடக்கூடாதே என்ற எச்சரிக்கைதான், வேறொன்றுமில்லை.

அவர் மாலையோடே குனிந்து எடுத்துக் குடித்தார். கப்பைத் திருப்பிப் பார்த்தார். "எங்க அப்பா காலத்துலயும் தனி கிளாசுதான் சார். கப்பு மட்டும் புதுசு."

யாரும் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த வாரம் எல்லாச் சுவரிலும் 'விலகி இரு' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்களில் அந்தச் சொல் புதிதாக வந்து இறங்கவில்லை.

*

நோன்பு மாதம் ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. பள்ளிவாசலில் அண்டா ஏறவில்லை. கஞ்சி காய்ச்சி விநியோகிக்க முடியாதென்று அரிசியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் அடுத்த தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கில் கஞ்சி வரும். இந்த வருஷம் வராது என்று நினைத்திருந்தேன். நோயைக் கொண்டுவந்தது டெல்லியிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் ஓடின பிறகு, எங்கள் தெருவில் சிலர் அந்தத் தெருவின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு 'அந்தப் பக்கம்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

கஞ்சி வந்தது. வீட்டில் காய்ச்சினது. பையன் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, "அத்தா குடுத்துவிட்டாக மாமா" என்று கத்திவிட்டு ஓடிவிட்டான்.

அதை நான் ஒரு மணி நேரம் ஜன்னல் திட்டிலேயே வைத்திருந்தேன். இதை எழுதாமல் விடலாம். பேரேட்டில் விட்டுப்போன வரி எப்படியும் ஐந்தொகையில் வந்து நிற்கும் என்பது என் தொழில் சொல்லிக்கொடுத்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சூடுபண்ணிக் குடித்தேன். வெந்தயமும் பூண்டும் வழக்கம்போல. தூக்கை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒரு கைப்பிடி ஏலக்காய் போட்டு அனுப்பினேன். விற்க முடியாத சரக்கு என்றாலும் நல்ல பச்சைக்காய்.

*

அப்பத்தாவோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டும். ஆகவே அது சொல்லும், நான் கேட்பேன். ஒரு மத்தியானம் எலி விழுந்த கதையைச் சொன்னது. அதன் அம்மா கம்பத்துப் பக்கம். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்களாம். தோட்டத்தில் சோளத்தட்டைக் குடிசை. அடுப்பு, ஆட்டுக்குட்டி, விதைநெல் எல்லாம் அங்கே. "ஊரே காட்டுல. ஊருக்குள்ள பேய்கூட இல்ல." திரும்பி வரும்போது ஓட்டைப் பிரித்து வெயில் உள்ளே விழச் செய்து, சுண்ணாம்பு அடித்துக் குடியேறுவார்களாம்.

இது வெறும் கிழவி கதை என்று எண்ணிவிடக்கூடாது. கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் ஏன் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது என்று ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரை 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்திருக்கிறது. எலி, எலிமேல் ஒட்டும் தெள்ளுப்பூச்சி என்று தேடியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1895-ல் திறந்த பெரியாறு அணையைக் கட்டப் போனவர்களில் எத்தனையோ பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. நாம் சோறு தின்னுகிற தண்ணீர் அது. நோய் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புது விருந்தாளி இல்லை.

அப்பத்தா சொன்னதில் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. அன்றைக்கு விலகிப் போனபோது ஊரோடு விலகிப் போயிருக்கிறார்கள். இப்போது அவரவர் அறைக்குள்.

*

வீரபாண்டித் திருவிழா இந்த வருஷம் இல்லை. சித்திரை மாதத்தில் கௌமாரியம்மன் கோயிலில் அத்திமரத்து முக்கொம்பை நட்டுக் கம்பம் என்பார்கள். முல்லையாற்றில் குளித்து ஈரத்தோடு போய் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பள்ளத்தாக்கே அங்கேதான் இருக்கும். அம்மைக்கும் கண்ணுக்கும் அவள்தான் பொறுப்பு. பார்வை போன வீரபாண்டிய மன்னனுக்குக் கண் கொடுத்தவள் என்று தலபுராணம். நோய்க்காரியின் திருவிழாவே நோயால் நின்றது என்று தெருவில் ஒருவர் கேலியாகச் சொன்னார். அப்பத்தாவுக்குக் கேட்கவில்லை. நல்லவேளை.

டாஸ்மாக்கை மே 7 அன்று திறந்தார்கள். வரிசையைப் பற்றி எழுத மனமில்லை.

*

ஜூன். சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், இ-பாஸ் வாங்கியும் வாங்காமலும் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். எங்கள் வரிசைக் கடைசி வீட்டுப் பையனும் வந்தான். ராத்திரியில் மோட்டார் சைக்கிளை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் மளிகைக்கடை முன்னால் சுண்ணாம்பு வட்டத்தில் நிற்கிறேன். இரண்டு வட்டம் முன்னால் அவன் அம்மா. "என்ன தங்கச்சி, மகன் எப்ப வந்தான்?" என்று கேட்டேன். விசாரிப்பாகத்தான் கேட்டேன். அப்படித்தான் கேட்டேனா? வட்டத்துக்கு வட்டம் ஆறடி. சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் பதில் சொல்லாமல், வாங்க வந்ததில் பாதியை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மூக்கில் குச்சி விட ஆள் வந்தது. அவர்களாகவே வந்திருக்கலாம், பட்டியல் அவர்களிடம் இருக்கும். மூன்றாம் நாள், நோய் உண்டு என்று முடிவு. பையனை ஆம்புலன்ஸ் க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே தகரம் அடித்தார்கள். ஆணி அடிக்கிற சத்தத்தைத் தெரு முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டது.

*

ஆனி மாதக் காற்று எங்கள் ஊரில் விளையாட்டில்லை. மலைக்கணவாயில் புகுந்து சாரலோடு இறங்கும். தகரம் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டது. டப், டப்டப், கொஞ்சம் நிற்கும், தூக்கம் வரும்போது மறுபடி டப். தெருவில் யாரும் தூங்கவில்லை. யாரும் எழுந்து போய் அதை இறுக்கிக் கட்டவும் இல்லை. மூன்று ராத்திரி இப்படிப் போனது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் நூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் அப்பத்தா கையில் ஒரு கத்தை வேப்பங்கொழுந்தோடு நடந்து போனது. தகரத்துக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தில் அதைத் திணித்தது. "ஆத்தா, ஏழு நாளு இருந்துட்டுக் குளிர்ந்து போ" என்று கும்பிட்டது. அப்பத்தா கணக்கில் இதுவும் அம்மைதான். வேறு எந்த நோய்க்கு வீட்டை அடைப்பார்கள்?

தகரத்துக்கு உள்ளேயிருந்து அவன் அம்மா கத்தினாள். "எம்மகனுக்கு அம்மையில்ல, எடு அத." அப்பத்தாவுக்குக் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டே திரும்பக் கத்த, கேட்காத கிழவி, "தாளிச்சுக் கொட்டாதடி, மோரு ஊத்திச் சாப்பிடு" என்று பத்தியம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளே அழுகை சிரிப்பானதா, சிரிப்பு அழுகையானதா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு தகரம் அவ்வளவாக அடிக்கவில்லை. வேப்பங்கொத்து சந்தை அடைத்திருந்தது.

*

அம்மை போட்ட வீட்டை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். வெளியாள் உள்ளே போகக்கூடாது, உள்ளாள் வெளியே வரக்கூடாது. இன்றைக்குத் தகரம் சொன்ன அதே செய்திதான். ஆனால் வேப்பிலை செருகின வீட்டைத் தாண்டும்போது பெரியவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். 'நோய் வந்திருக்கு' என்று சொல்லமாட்டார்கள், 'முத்துப் போட்டிருக்கு', 'அம்மா வந்திருக்கா' என்பார்கள். வாசற்படியில் இளநீரோ நுங்கோ யார் வைத்தது என்று தெரியாமல் இருக்கும். அடைபட்ட வீட்டில் சாமி இருந்தது. எங்கள் கடைசி வீட்டில் குற்றவாளி இருந்தான்.

பழசை ரொம்பவும் மெச்சக்கூடாது. வேப்பிலையை நம்பி ஊசி போடாமல் விட்ட பிள்ளைகள் இந்தப் பள்ளத்தாக்கில் செத்திருக்கும். எனக்குத் தகரத்தின் மேல் கோபமில்லை, நோயை நிறுத்த அதற்கும் வேலை உண்டு. அதை அடித்தபோது ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தகரத்தடியில் இரண்டு இளநீர் இருந்தது. மலைக்குப் போகிறவள் வைத்தது என்று நினைக்கிறேன். வேலையில்லாத வீட்டில் இளநீர் வாங்கக் காசேது என்று கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு. ஆறாம் நாள் கஞ்சித் தூக்கு மாதிரி ஒரு தூக்கு. ஏழாம் நாள் நான் அரைக்கிலோ ரவையும் சர்க்கரையும் வைத்தேன். அன்று பையனின் அம்மா கடையில் விட்டுவிட்டுப் போன பாதியில் ரவையும் இருந்தது எனக்கு ஞாபகம்.

பையன் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நடந்து வந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்து, "மாமா" என்றான். நான் தலையாட்டினேன்.

*

2021 மே மாதத்துக்கு இந்தப் பேரேட்டில் நாலு வரிதான் இருக்கிறது.

'பெஞ்சுப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது.'

'க.விலக்கு.'

'வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார்களாம். நேரே காட்டுக்கு. நாலு பேருக்குத்தான் அனுமதி.'

'வண்டி மெயின்ரோட்டில் போகும் என்று சொன்னார்கள். எல்லோரும் வாசலில் நின்றோம். வெள்ளை வண்டி ஒன்று போனது. அதுதானா என்று தெரியவில்லை. கும்பிட்டோம்.'

அதற்கடுத்த மூன்று பக்கம் காலி. கோடு மட்டும் போட்டிருக்கிறேன், வரவு செலவு என்று.

*

ஜீப்புகள் எப்போது திரும்ப ஓடின என்று நான் குறித்துவைக்கவில்லை. ஒருநாள் ஹாரன் கேட்டுத் திரும்பிப் படுத்தேன்; அதைத் திட்டினேன் என்பது காலையில்தான் ஞாபகம் வந்தது. காய் பிரிக்கும் பெண்களும் வந்துவிட்டார்கள். வாசனையை நான் மறுபடி மறந்துவிட்டேன்.

*

2022 மே. இரண்டு வருஷம் விட்டுப்போன வீரபாண்டித் திருவிழா. தெருவிலிருந்து ஒரு வேனில் கிளம்பினோம். அப்பத்தாவை முன்சீட்டில் உட்காரவைத்தோம். வழியெல்லாம் கூட்டம்; பத்து மைல் ரோட்டை ஒன்றரை மணி நேரம் கடந்தோம். ஆற்றில் கால்வைக்க இடமில்லை. தீச்சட்டி போகிறது, காவடி போகிறது, ராட்டினத்தில் பிள்ளைகள் கத்துகிறார்கள், பொரி விற்கிறவன் வியர்வை என் தோளில் ஒட்டுகிறது.

கடைசி வீட்டுத் தங்கச்சி மகனுக்காக ஆயிரங்கண் பானை நேர்ந்திருந்தாள். ஆற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் சேலை ஈரத்தோடு, வேப்பிலை கட்டின பானையை ஏந்தி வரிசையில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால். இரண்டு வருஷமாகச் சொல்ல வைத்திருந்த ஒரு சொல் என்னிடம் இருந்தது. அன்று கடை வாசலில் கேட்டதைப் பற்றி. கொட்டுச் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் திரும்பினாள். "கொஞ்சம் பிடிங்கண்ணே, முந்தானையச் செருகிக்கிறேன்."

பானையை என் கையில் வைத்தாள். ஈரமாக, கனமாக இருந்தது. மேலெல்லாம் சுண்ணாம்பில் வைத்த புள்ளிக் கண்கள். விரலில் வெள்ளை ஒட்டியது. பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ள, பானை மோதிவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.